இடது தோளருகே ஒரு மூச்சு

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
22 ஜூன் 2025

அன்புள்ள சாஹித்யா,

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சுனிலிடம் காட்டினேன். "அங்கிள், அவ உங்கள பிளாக் பண்ணிட்டா" என்றான். அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

சுனிலைத் திட்டாதே. ஆனந்துடைய சிநேகிதன் என்ற உரிமையில், ஆனந்தின் அப்பா அறுபத்து நாலு வயதில் ஓடுகிறார் என்று நாலு பேருக்குக் காட்டப் பெருமைப்பட்டு அந்தப் படத்தைப் போட்டுவிட்டான். உனக்குச் சொல்லாமல் இத்தனை மாதம் ஓடியிருக்கிறேன் என்று நீ போனில் கத்தினாய். நானும் பதிலுக்குக் கத்தினேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

நான் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் டவுன்ஷிப் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தேன். சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. ஓரத்துக் கூரையை நோக்கி ஓடினேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு கால் ஓடியது. கூரைக்கடியில் குனிந்து நின்று மூச்சு வாங்கியபோதே, நாளைக்கும் ஓடுவேன் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. எழுத இன்னும் கை வரவில்லை.

ஃபேக்டரி விளையாட்டு விழாவில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஜெயித்தவன் என்ற நினைப்பில் முதல் வாரம் இளவட்டம் மாதிரிப் பாய்ந்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பத்து நாள் நொண்டினேன். சுனில் கேள்விப்பட்டு மௌலா அலியிலிருந்து வந்து பார்த்தான். "ஜோர் நக்கோ அங்கிள், வேகம் வேணாம். ஒரு கம்பம் வரைக்கும் ஓடுங்க, அடுத்த கம்பம் வரைக்கும் நடங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றான். கால் எட்டைச் சின்னதாக வைக்கவும், ஓடாத நாளும் ஓட்டத்தில் சேர்ந்ததுதான் என்பதையும் அவனிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது நிற்காமல் லிங்கம்பள்ளி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறேன். நவம்பரில் பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா


புனே
3 ஜூலை 2025

அப்பாவுக்கு,

தமிழில் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. அம்மா உட்காரவைத்து எழுதப் பழக்கியதுதான். பிழை இருக்கும். போனில் பேசினால் நான் அழுவேன், நீங்கள் அதைக் கோபம் என்பீர்கள். அதனால் நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

கச்சிபௌலி ஓட்டப்பந்தயத்தில் அன்றைக்கு ஃபினிஷ் கோட்டில் நின்றது நான்தான், நீங்கள் இல்லை. ஆனந்த் அண்ணா வந்துவிடுவான் என்று வீடியோவை ஓடவிட்டுக் காத்திருந்தேன். யார் யாரோ வந்தார்கள். கோட்டைத் தாண்டத் தாண்ட மைக்கில் ஒவ்வொருத்தர் பெயராகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவன் மேம்பாலத்து இறக்கத்தில் விழுந்து கிடந்தான். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் ஆபீஸ் கூட்டத்தில் யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்தால், அடுத்து அவன் பெயரைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இதயச் சுவர் தடித்திருந்தது, பிறவியிலேயே வந்தது, பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு வருஷமாகப் போகிறது. இன்னும் ஜன்னலைத்தான் பார்க்கிறீர்கள். போதாததற்கு ஓடவும் ஆரம்பித்துவிட்டீர்கள்.

மைதானத்திலிருந்து எனக்கு இன்னொரு போன் வரவேண்டுமா?

சோதனை செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்வரை உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலை, வீடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாஹித்யா


ராமச்சந்திராபுரம்
16 ஜூலை 2025

அன்புள்ள சாஹித்யா,

உன் கடிதத்தில் பிழை இல்லை. 'ழ' மட்டும் உன் அம்மா போட்ட மாதிரியே வால் நீண்டிருக்கிறது.

காரணத்தை எழுதிவிடுகிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஆனந்த் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டு மூக்கு உடைந்து வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எலும்பு கூடிய பிறகும் வேகமாக மூச்சு விட்டால் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வரும். நீ அதை வைத்துத்தானே அவனைக் கேலி செய்வாய்? அந்த மழை நாளில் நான் கூரையை நோக்கி ஓடியபோது, மூச்சு முட்டுகிற சமயத்தில், என் இடது தோளுக்கு ஒட்டினாற்போல அந்த விசில் கேட்டது. நாலைந்து மூச்சு. நான் நின்றதும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நான் என்ன செய்யட்டும் சொல். கதவைத் தட்டுகிற பிள்ளைக்குத் திறக்காமல் இருப்பேனா?

ஆனால் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அவன் சும்மா வருவதில்லை. எனக்கு மூச்சு கிழிகிற இடத்தில்தான் வருகிறான். ஆரம்பத்தில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினாலே போதும், வந்துவிடுவான். கால் பழகப் பழக, அதே தூரம் எனக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. அப்புறம் ஒரு சுற்று, நாலு சுற்று, ஸ்டேஷன் வரை. நான் தேறத் தேற அவன் தள்ளித் தள்ளிப் போகிறான். சுனில் சொன்ன வேகத்தில் ஓடினால் அவன் வருவதே இல்லை. அதனால் சுனில் வராத நாட்களில் வேறு மாதிரி ஓடுகிறேன். என் முன்னேற்றத்தைப் பார்த்து மைதானத்தில் எல்லோரும் சபாஷ் சொல்கிறார்கள். நான் முன்னேறவில்லை, துரத்திக்கொண்டிருக்கிறேன்.

சோதனைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறாய். இருக்கிறது என்று வந்தால் ஓடாதே என்பார்கள். இன்னொன்றும் உண்டு. என்னிடமிருந்துதான் அவனுக்கு அது போயிற்று என்று ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அப்பா


புனே
2 ஆகஸ்ட் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசுக்கு லீவு போட்டேன்.

திட்டி நாலு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்கிறேன். அவன் ஏதாவது பேசினானா? என்னைப் பற்றி, அம்மாவைப் பற்றி? மூச்சு மட்டும்தானா?

பதில் எழுத வேண்டாம். எழுதினால் நானும் உங்களைப் போலத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன காலத்தில் அவன் பாதித் தெரு ஓடிவிடுவான். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வருவேன். அவன் திரும்ப ஓடி வந்து என் கூட நடப்பான். மறுபடி ஓடுவான், மறுபடி திரும்பி வருவான். அம்மா சொல்லி அனுப்பியதால் இல்லை, அவன் குணமே அதுதான். யாரையும் பின்னால் விட்டுவிட்டு அவன் போனதில்லை. உங்கள் மூச்சு கிழிந்தால்தான் பக்கத்தில் வருவேன் என்கிற ஒன்றுக்கு ஆனந்த் என்று பெயர் வைக்காதீர்கள். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். என் அண்ணன் இல்லை.

நீங்கள் ஓடவில்லை அப்பா. அவன் விழுந்த இடத்துக்குப் போய்ச் சேரப் பார்க்கிறீர்கள்.

சோதனைக்குப் போங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

சாஹித்யா


ராமச்சந்திராபுரம்
9 செப்டம்பர் 2025

என் கண்ணே,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை டெல்லாபூர் ரோட்டு ஏற்றத்துக்குப் போனேன். சுனிலிடம் மெதுவாகத்தான் ஓடப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவனுக்குச் சந்தேகம், பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நீ எழுதியது சரியா என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பில் ஏற்றத்தில் வேகம் எடுத்தேன். பாதிக்கு மேல் ஆனந்த் வந்தான். இத்தனை தெளிவாக எப்போதும் வந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை தோளருகே நிற்கவில்லை. என்னைத் தாண்டிப்போனான். விசில் எனக்கு முன்னால் கேட்டது, அப்புறம் இன்னும் முன்னால். "ஆனந்த், இருடா" என்று கத்தினேன். அவன் திரும்பி வரவில்லை, சாஹித்யா. நீ சொன்னது சரி. திரும்பி வரவே இல்லை. நான் பின்னால் ஓடினேன்.

அப்புறம் சுனிலின் முகம்தான் தெரிந்தது. "அங்கிள், கண்ண மூடாதீங்க அங்கிள், நக்கோ, நக்கோ" என்று என் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அடித்தான். ஆனந்த் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவனும் அவன்தானே. ஒரே ஆள் இதை இரண்டு தடவை பார்க்கும்படி செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உடம்பில் தண்ணீரே இல்லையாம். வெறும் வயிறு, ஏற்றம், வயது. ஆனந்துக்கு என்ன இருந்தது என்று சுனில் சொன்னதும் இதயத்தை எல்லா விதத்திலும் சோதித்தார்கள். பார்த்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். படத்தைத் திருப்பிக் காட்டி, "உங்க ஹார்ட்ல அந்தக் கோளாறு இல்ல சார். சுவர் சரியா இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடமிருந்து போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "உங்க மனைவி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"காலமாயிட்டா. ரொம்ப வருஷம் ஆச்சு."

"எப்படி?"

"மே மாசம். கம்பெனி பஸ்ல ஏறப் போனா. ஓடிப்போய் ஏறினா. படியிலயே சாஞ்சுட்டா. வெயில் அடிச்சிடுச்சுன்னு சொன்னாங்க."

"என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உங்களுக்கு இன்னொரு குழந்தை இருக்கா சார்?" என்றாள்.

சாஹித்யா, இத்தனை வருஷமாக நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா எதனால் போனாள் என்று அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. கல்பகத்தை இரண்டாம் தடவை இழந்த மாதிரி இருந்தது. ஆனால் அதுகூடப் பெரிதில்லை. டாக்டரம்மா கேட்ட கடைசிக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

சுனில் தன் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தான். நீ "ஹலோ" என்றாய். அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சமாளித்தான்.

நீ உடனே போய்ச் சோதித்துக்கொள். உனக்கு ஒன்றும் இருக்காது. என்னைப் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதே.

உன் அப்பா


புனே
18 செப்டம்பர் 2025

அப்பா,

எனக்கு இருக்கிறது.

அண்ணா இறந்த வருஷமே எனக்குத் தெரியும். காரியங்கள் முடிந்து இங்கே திரும்பிய வாரமே போய்ச் சோதித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை. உங்களிடமிருந்துதான் எங்களுக்கு வந்தது என்று நான் உறுதியாக நம்பினேன். சொன்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் நானே கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் உடைந்துபோவீர்கள். அதனால்தான் சுனில் போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. அவனுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, நீங்களோ தலை நரைத்த பிறகு வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போதும் சொல்லியிருக்கலாம். கத்தத்தான் முடிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள். சுவரில் கை வைத்துக்கொண்டு, "சாகி, பக்கத்து வீட்டு ரோஜாவப் பாரேன்" என்பாள். நானும் நின்று பார்ப்பேன். ரோஜா பூக்காத நாளிலும் அங்கே நிற்பாள். தொட்டியை எடுத்துவிட்ட பிறகும் நின்றாள் அப்பா. இப்போது நான் ஆபீஸ் படியில் அதே மாதிரி நடுவில் நின்று போனைப் பார்க்கிற பாவனை செய்கிறேன். முந்தாநாள் அப்படி நின்றபோது என் கை சுவரில் இருந்தது. என் கை மாதிரியே இல்லை.

நெஞ்சில் ஒரு கருவி வைக்கச் சொல்கிறார்கள். இதயம் தப்பாக அடிக்க ஆரம்பித்தால் அதுவே ஓர் அதிர்ச்சி கொடுத்துத் திருப்பிவிடுமாம். ஒரு வருஷமாகச் சொல்கிறார்கள், நான் தள்ளிக்கொண்டே வந்தேன். உடம்புக்குள் ஒன்றை வைத்துவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். உங்களுக்குக் காகிதம் மாதிரி எனக்கு அது. நேற்று டாக்டரிடம் போய்த் தேதி கேட்டேன். அம்மாவுக்கு யாரும் ஒரு தேதி கொடுக்கவில்லை. அக்டோபர் பத்தாம் தேதி. வருவீர்களா?

உங்களை ஓடாதீர்கள் என்று இனிமேல் சொல்லமாட்டேன். உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. எனக்கு அது எத்தனை சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் வருகிற வேகத்துக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் மட்டும்தான்.

சாகி


ராமச்சந்திராபுரம்
23 நவம்பர் 2025

என் சாகிக்கு,

உன் ஆபரேஷனுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து தினமும்தான் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் என் குரல் நடுவில் உடையும். நீ பயந்து அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவாய். தையல் போட்டு முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பயணம் வேண்டாம்.

இன்று காலை பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போனேன். டாக்டரம்மா கேட்டபோது, "ஓடுங்க சார், ஆனா யார் கூடவும் போட்டி வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா தெரியவில்லை. சுனிலும் கூட வந்தான். தன் வேகத்தில் ஓடியிருந்தால் எப்போதோ முடித்திருப்பான். என் வலது பக்கத்திலேயே வந்தான்.

பேசிக்கொண்டே ஓடினோம். அவனுடைய பெண் குழந்தைக்கு எந்த ஸ்கூல், அவன் அம்மா வீட்டை விற்கவிடமாட்டேன் என்கிறாள், இப்படி. வழியில் ஒரு பெரியவர், என்னைவிட மூத்தவர், சர்ரென்று தாண்டிப் போனார். "போகட்டும் அங்கிள்" என்றான் சுனில். எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் ஒரு ஏற்றம் இருந்தது. பாதி ஏறும்போது சுனில் பேச்சை நிறுத்தினான். என் மூச்சு கொஞ்சம் முட்டியது. சாகி, எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். எத்தனை தடவை போயிருக்கிறேன். கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை வந்து நின்றால் தட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் இருப்பவனுக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. இன்னும் பத்து எட்டு அழுத்தி வைத்தால் போதும். என் இடது தோள் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அவன் இல்லாத வீட்டில் இருக்கிறேன். அவன் மூச்சை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மெதுவாகிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கால் கேட்டது.

நான் எட்டைச் சின்னதாக்கினேன்.

"என்னடா பேச்ச நிறுத்திட்ட, மேல சொல்லு" என்றேன் சுனிலிடம். "ஹவ் அங்கிள், சொல்றேன்" என்று அவன் மறுபடி ஸ்கூல் கதையை எடுத்தான். எந்த ஸ்கூல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏற்றம் முடிகிறவரை இடது பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. வராமல் நான் பார்த்துக்கொண்டேன். என் பிள்ளையை நானே வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

முடித்ததும் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். சுனில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தான். குடித்தேன்.

ஜனவரியில் உன்னை நெடுந்தூரம் நடக்க அனுமதிப்பார்கள் என்றாயே, இங்கே வந்துவிடு. மைதானத்தில் காலையில் கூட்டம் இருக்காது. நீ எத்தனை தடவை நிற்கவேண்டுமோ அத்தனை தடவை நிற்கலாம். எதையும் பார்க்கிற மாதிரிப் பாவனை செய்ய வேண்டாம். நானும் உன்னோடு நிற்பேன்.

உன் அப்பா